பட்டறைகள் விட்டுப்போன பெயர் அட்டைகள்

ஹைதராபாதின் சௌமஹல்லா அரண்மனையில் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று நிற்கிறது. 1912-ஆம் வருடத்து சில்வர் கோஸ்ட். ஆர்டர் கொடுத்தவர் ஆறாவது நிஜாம் மஹ்பூப் அலி கான். வண்டி வந்து சேருமுன்பே, 1911-இல் அவர் காலமாகிவிட்டார். பின்னிருக்கை சிம்மாசனம் போல உயர்த்தி அமைக்கப்பட்டது. வண்டி ஓடிய தூரமோ மிகக் குறைவு. பார்க்க வருகிறவர்கள் நிஜாமின் பெயரையும் ரோல்ஸ் ராய்ஸின் பெயரையும் சொல்லிக்கொண்டே போகிறார்கள். மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு. அது பலர் காதில் விழுவதில்லை.

அது பார்க்கர் அண்ட் கம்பெனி. அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் செய்து கொடுத்தது சேஸிஸும் இன்ஜினும்தான். அதன்மேல் மரச்சட்டம் கட்டி, தகடு அடித்து, மெத்தை தைத்து, வண்டிக்கு முகம் கொடுத்தவர்கள் கோச் பில்டர்கள். பார்க்கர் லண்டனின் சவுத் ஆட்லி தெருவில் இருந்த பழம்பெரும் நிறுவனம். குதிரை வண்டி கட்டிப் பெயர் எடுத்துப் பிறகு காருக்கு வந்தது. இவர்களைப் போன்றவர்கள் தங்கள் கையெழுத்தாக ஒரு சிறு உலோகத் தகட்டைக் கதவின் படிவிளிம்பில் பதித்தார்கள். கதவைத் திறந்து கால் வைக்கும் இடத்தில் பட்டறையின் பெயரும் ஊரும் தெரியும். வண்டியோடு சேர்ந்தே பயணம் செய்த விசிட்டிங் கார்டு அது. இன்று பழைய கார் சேகரிப்பவர்களுக்கு அந்தத் தகடு உயிர். அது இல்லாவிட்டால் உடம்பைக் கட்டியவர் யார் என்று சொல்ல வேறு சான்று தேட வேண்டியிருக்கும்.

காகித அட்டைக்கு இன்னும் பழைய வரலாறு. 18-ஆம் நூற்றாண்டு லண்டன் கடைக்காரர்கள் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட வணிக அட்டைகளைக் கொடுத்தார்கள். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய அவற்றை ஆம்ப்ரோஸ் ஹீல் என்ற மேசை நாற்காலி வியாபாரி ஆயுள் முழுக்கச் சேர்த்தார். 1959-இல் அவை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. குதிரை வண்டி கட்டியவர்களைப் பற்றித் தேடுகிறவர்கள் இன்றும் அப்படிப்பட்ட சேகரிப்புகளைத்தான் புரட்டுகிறார்கள்.

காரை வெட்டி ஒட்டி உருமாற்றும் தொழிலில் இந்த அட்டைகளின் மதிப்பு புரிய அமெரிக்காவைப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்து ஜார்ஜ் பாரிஸும் அவர் அண்ணன் சாமும் நடத்திய பட்டறை 1940-களின் இறுதியிலிருந்து புகழ்பெற்றது. 1952-இல் அவர்கள் கூரையைத் தாழ்த்தி மாற்றியமைத்த 1951 மெர்க்குரி கார், 2022-இல் ஏலத்தில் சுமார் 20 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் 1957 டிசம்பரில் பாரிஸின் பட்டறை தீப்பிடித்துப் பல கார்கள் எரிந்தன. இம்மாதிரிப் பட்டறைகளில் கணக்குப் புத்தகம் நிலைப்பதில்லை. வாடிக்கையாளரின் பர்ஸில் தங்கிவிட்ட அட்டை பிழைத்துக்கொள்கிறது. சேகரிப்பவர்கள் அதைத் தேடி அலைவதில் நியாயம் இருக்கிறது.

நம் பக்கத்திலும் வண்டி கட்டும் பரம்பரை நீளமானது. சென்னையில் 1840-இல் சிம்ப்ஸன் கம்பெனி குதிரை வண்டி கட்டத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் ஒரு நீராவி காரையே செய்து ஓட்டினார். கரூரில் பாடி கட்டிய பஸ்ஸில் ஏறாத தமிழர் குறைவு. முதலாளியின் பெயர் பக்கவாட்டில் பெரிதாக மின்னும். கட்டிய பட்டறையின் பெயர் சிறிதாக எங்காவது ஒதுங்கியிருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் ஊர் ஊராகத் தொழில் வரைபடம் ஒன்று தானே விரியும்.

ஹைதராபாத், செகந்திராபாத் பட்டறை அட்டைகளைப் படிப்பது தனிச் சுவை. ஆண்டு அச்சிட்டிருக்காது. ஆனாலும் அட்டையே வயதைச் சொல்லிவிடும். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது; அன்றுதான் அந்த முறை நடைமுறைக்கு வந்தது. தொலைபேசிக்கு முன்னால் 0842 என்றிருந்தால், ஹைதராபாத் 040-க்கு மாறுவதற்கு முந்தியது. எண் எட்டு இலக்கமாகி 2-இல் தொடங்கினால் 2000-க்குப் பிந்தியது. கைபேசி எண் 1995-க்கு முன் இருக்க வழியில்லை. ஜிஎஸ்டி எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பிந்திய அச்சு. தந்தி முகவரி போட்ட அட்டை கிடைத்தால் அது பழசு என்று நம்பலாம். பழைய எண்ணைப் பேனாவால் அடித்துப் புதியதை எழுதியிருந்தால் இன்னும் நல்லது: ஒரே அட்டையில் இரண்டு காலம்.

அச்சையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈய எழுத்துக் கோத்து ட்ரெடில் மெஷினில் அடித்த அட்டையைத் திருப்பினால், பின்புறம் எழுத்துகள் லேசாகப் புடைத்து விரலில் தட்டுப்படும். ஆப்செட் அட்டை வழவழவென்று இருக்கும். சார்மினார் பக்கம் சத்தா பஜார் அச்சகங்களுக்கும் உருது எழுத்துக் கலைஞர்களுக்கும் பேர்போன இடம். கல்யாணப் பத்திரிகைதான் அங்கே பெரிய வியாபாரம். அட்டையில் ஒரு பக்கம் உருது, மறுபக்கம் ஆங்கிலமோ தெலுங்கோ இருந்தால், அந்தப் பட்டறைக்கு யாரெல்லாம் வந்தார்கள் என்பதும் புரியும்.

அதைவிட முக்கியம், அட்டை பட்டியலிடும் வேலைகள். டிங்கரிங், பெயின்டிங், குஷன் வேலை, ஓப்பன் ஜீப் கட்டித் தரப்படும் என்ற வரிகள் இன்று வரலாற்றுச் சான்றுகள். காரணம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை விளக்கிய உச்ச நீதிமன்றம், 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் குறித்த அளவு விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஜீப்பின் கூரையைக் கழற்றி, அகல டயர் மாட்டி, பாடியை மாற்றித் தருவதாக வெளிப்படையாக விளம்பரம் செய்த பட்டறைகள் அந்த வரிகளை நீக்கவேண்டிய காலம் வந்தது. பாதுகாப்புக்காக வந்த தீர்ப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தலைமுறை டிங்கர்களின் கைத்திறன் எந்த அளவுக்கு விரிந்திருந்தது என்பதைச் சொல்ல, பழைய அட்டைகள் போன்ற துண்டுச் சான்றுகளே மிஞ்சுகின்றன.

அந்தத் திறனைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஹைதராபாதின் பகதூர்புராவில் சுதா கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இரும்பையும் கழித்துவிட்ட பாகங்களையும் வைத்து கே. சுதாகர் செய்த கார்கள் 2010 முதல் அங்கே நிற்கின்றன: கிரிக்கெட் மட்டை, ஷூ, பர்கர் வடிவங்களில். 2005-இல் அவர் செய்த பிரம்மாண்ட மூன்று சக்கர சைக்கிள் கின்னஸில் ஏறியது. உயரம் 41 அடி 7 அங்குலம்.

அதே ஹைதராபாதில் கொண்டாப்பூர் பகுதியின் கதை வேறு. 1998-இல் பக்கத்தில் சைபர் டவர்ஸ் திறந்து ஹைடெக் சிட்டி வளர்ந்த பிறகுதான் இந்தப் பகுதி கார்கள் நெருக்கியடிக்கும் நகரமானது. எனவே 500084 என்ற அஞ்சல் குறியீடு போட்ட கார் கடை அட்டைகளில் பெரும்பாலானவை இளையவை. டிங்கரிங், குஷன் என்ற சொற்களின் இடத்தை ராப்பிங், செராமிக் கோட்டிங், பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஆகியவை பிடித்துக்கொண்டன. பல கடைகளில் அட்டையே இல்லை. மேசையில் ஒட்டிய க்யூஆர் கோடும் வாட்ஸ்அப் எண்ணும் போதும். கடை மூடினால் அந்த இணைப்பும் போய்விடும்.

ஆகவே இன்று சேர்க்கிறவர்கள் பழையதோடு புதியதையும் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகத்துக்குள் புத்தகக்குறியாக ஓர் அட்டை இருக்கலாம். ராணிகஞ்ச் உதிரிபாகக் கடையின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் இருக்கலாம். எது கிடைத்தாலும் லேமினேட் செய்யக் கூடாது; சூட்டில் மை கெடும், புடைத்த எழுத்து தட்டையாகிவிடும். அமிலமில்லாத உறையில் போட்டு, எங்கே, எப்போது, யாரிடமிருந்து கிடைத்தது என்பதைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உடன் வைத்தால் போதும்.