கதிர்காமம் ஓடிப் போகாது



வழக்கமாக வரிப்படிவம் பற்றித்தான் என்னிடம் கேட்பீர்கள். இம்மாதம் ஒரு பழைய கணக்குக் கொப்பியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

என் அம்மப்பா வடமராட்சியில் சிறு கடை வைத்திருந்தவர். வர்த்தகப் பட்டப்படிப்புப் படித்த காலத்தில் அவருடைய கொப்பிகளை ஆசையோடு புரட்டிப் பார்த்தேன். 1954ஆம் ஆண்டுப் பக்கத்தில் அம்மம்மாவின் கதிர்காமப் பயணத்துக்கு 25 ரூபா என்று எழுதியிருந்தார். ஆடி முடிய வந்த பக்கத்தில், திரும்பி வந்தது 17 ரூபா. ஒன்றரை மாதப் பயணத்துக்கு எட்டு ரூபாதான் செலவா? கணக்குப் பிழை என்று அம்மம்மாவிடம் கேட்டேன். "பிழையில்லை மோனே, வழியெல்லாம் சனம் சோறு போட்டது" என்றார்.

அவர் நடந்த வழி மிகப் பழையது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கிழக்குக் கரையோரமாக உகந்தை வரை போகும். அதற்கப்பால் காடு. கூமுனை, வியாழை, கட்டகாமம் கடந்து மாணிக்க கங்கையில் முழுகி, ஆடிவேல் திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடப்பவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோரும் 'சாமி' தான்.

அம்மம்மா முதலில் நடந்தது 1953இல். வெருகலில் காய்ச்சல் கண்டு, மாட்டு வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் சிலர் சிரித்தார்களாம். அடுத்த வருடம் திரும்பவும் வெளிக்கிட்டார். முதல் வருடம் கஞ்சி வைத்துக் கொடுத்த அதே வீட்டுக்காரி, வெருகலில் இவரை அடையாளம் கண்டு கட்டிப்பிடித்தாராம்.

இந்த யாத்திரையின் சரித்திரமும் அப்படித்தான். தடைப்படுவதும் திரும்பத் தொடங்குவதுமாகவே அது வந்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் கொலராவுக்குப் பயந்து அரசாங்கம் யாத்திரிகர்களுக்குக் கட்டுப்பாடு வைத்தது. பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்ஃப், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, 1910இல் கதிர்காமத்திலேயே தங்கித் திருவிழாவை மேற்பார்வை செய்தார். அந்தக் கட்டுப்பாடுகளாலும் நடை நிற்கவில்லை.

1983க்குப் பின் வந்த தடை பெரியது. யாழ்ப்பாணத்திலிருந்து நடப்பது அறுந்து போயிற்று. கூமுனைச் சரணாலயம் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. ஆனாலும் 1972இல் வடக்கிலிருந்து நடந்த பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கரும் வேறு சில அடியார்களும் 1988இல் யாத்திரைக்குத் திரும்ப உயிர் கொடுத்தார்கள். சந்நிதியில் தொடங்க முடியாவிட்டால் கிழக்கில் தொடங்கினார்கள். முழு வழியும் நடந்தால்தான் யாத்திரை என்று அவர்கள் பிடிவாதம் பிடித்திருந்தால், அது அன்றோடு முடிந்திருக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில், நடப்பவர்களுக்குச் சோறு போட்டு வந்த அதே கரையோரம் அழிந்தது. போர் 2009இல் முடிந்த பின்னர் சந்நிதியிலிருந்து நடக்கும் வழி மீண்டும் திறந்தது.

2014இல் நானும் போனேன். லீவு குறைவு என்பதால் பொத்துவிலிலிருந்துதான் நடந்தேன். இங்கே விலை கூடிய சப்பாத்து வாங்கி, ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீற்றர் என்று அட்டவணையும் போட்டிருந்தேன். பாணமை தாண்டும் முன்பே இரண்டு குதிகாலும் கொப்பளித்து உடைந்தன. உகந்தையில் தண்ணீர்ப் போத்தலையும் தொலைத்தேன். காட்டுக்குள் இரண்டாம் நாள் கூட்டத்துக்குப் பின்னால் தனியே இழுபட்டேன். யானை லத்தி ஈரமாகக் கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது.

அப்போது எனக்காக ஒருவர் நின்றார். மட்டக்களப்புப் பக்கத்து மூதாட்டி, வெறுங்கால், தலையில் சின்ன மூட்டை. "சப்பாத்தைக் கழற்றுங்க சாமி. மெதுவா வாங்க. கதிர்காமம் ஓடிப் போகாது" என்றார். தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் காலைச் சுற்றிவிட்டார். மிச்ச வழி முழுக்க என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டே வந்தார். அட்டவணைப்படி போயிருந்தால் அந்த நடை எனக்குக் கிடைத்திராது.

அம்மப்பாவின் கொப்பி அப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டு ரூபாவில் ஒன்றரை மாதம் நடந்தது அம்மம்மாவின் மனவுறுதியால் மட்டுமல்ல. கஞ்சி வைத்தவர்கள், வண்டியில் ஏற்றியவர்கள், பின்தங்கியவருக்காக நின்றவர்கள் ஆகியோரின் வரவு எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

நாங்களும் பாதி வழியில் திருப்பப்பட்டு, வேறோர் இடத்தில் திரும்பத் தொடங்கியவர்கள்தானே. எங்களுக்கும் யாரோ சோறு போட்டார்கள்.

1983க்கு முன் சந்நிதியிலிருந்து நடந்தவர்களுக்கு இன்று வயது போய்விட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வார இறுதியிலேயே பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்த ஊரில் யார் சோறு போட்டார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். நிலையத்துக்குக் கூட்டி வந்தால், பதிவு செய்ய நான் இருக்கிறேன்.