டயாப்லோ 2: சுத்தியல் சாமியார் சூப்பர் ஸ்டார் ஆன கதை

டயாப்லோ 2 ஆடின மக்களுக்கு இந்தக் கதை பாதி தெரிஞ்சிருக்கும். ஆடாதவங்க பயப்பட வேண்டாம், மெதுவாவே சொல்றேன்.

2000 ஜூன்ல வந்த ஆட்டம் இது. செஞ்சவங்க பிளிசார்ட் நார்த். ஒரு கேரக்டரைத் தேர்ந்தெடுத்து அரக்கர்களை அடிச்சு நொறுக்கிக்கிட்டே போகணும். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு ஸ்கில் பாயின்ட் கிடைக்கும். ஒரு வித்தையில அதிகபட்சம் 20 பாயின்ட் போடலாம். போட்டது போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு.

2001 ஜூன்ல லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் வந்த பிறகு சில பில்டுகள் தறிகெட்டு ஆட ஆரம்பிச்சது. உதாரணத்துக்கு அமேசான். அவகிட்ட கைடட் ஏரோன்னு ஒரு அம்பு உண்டு, எதிரியைத் தேடிப் போய் அடிக்கும். பியூரிசான்னு ஒரு கிராஸ்போ. அதுல இருந்து போற அம்பு எல்லாம் எதிரியைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போகும். ரெண்டையும் சேர்த்தா? துளைச்சுட்டுப் போன அம்பு, "அடடா, எதிரி பின்னாடி இருக்கானே"ன்னு யூ டர்ன் அடிச்சு வந்து அவனையே திரும்பத் திரும்பக் குத்தும் :-) ரெண்டுமே தனியாப் பார்த்தா நியாயமான சரக்கு. சேர்ந்ததுதான் வம்பு.

இன்னொரு பக்கம், நல்ல வித்தை எல்லாம் 24, 30ம் லெவல்ல இருந்ததால, பாயின்ட்டைச் செலவே பண்ணாம உண்டியல்ல போடற மாதிரி சேர்த்து வெச்சாங்க. ஆரம்ப வித்தைகளைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

இதையெல்லாம் சரி பண்ணத்தான் 1.10 பேட்ச். 2003 அக்டோபர்ல வந்துச்சு. (அந்த வருஷம் ஜூன் கடைசியிலதான் டேவிட் பிரெவிக், ஷேஃபர் சகோதரர்கள், பில் ரோப்பர்னு பெரிய தலைகள் எல்லாம் கம்பெனியை விட்டுக் கிளம்பியிருந்தாங்க. அது தனிக் கதை.) அம்பு திரும்பி வர்றதை நிறுத்தினாங்க. ரொம்ப சரி, அதுக்கு நான் கைதட்டுவேன். சோர்சரஸோட ஸ்டாட்டிக் ஃபீல்ட், ஹெல்லுங்கற கடைசிக் கட்டத்துல எதிரியோட உயிரைப் பாதிக்குக் கீழே இறக்காதுன்னு ஆச்சு. இதுவும் ஓகே.

அடுத்ததுதான் பெரிய மாற்றம், சினர்ஜி. ஒரு சின்ன வித்தையில போடற பாயின்ட் பெரிய வித்தையோட டேமேஜை ஏத்தும். எண்ணம் நல்ல எண்ணம்தான், ஆரம்பத்துல போட்ட பாயின்ட் வீணாப் போகாது. ஆனா எல்லாரும் ஒரே ஒரு சக்தியிலயே மொத்தப் பாயின்ட்டையும் கொட்ட வேண்டியதாச்சு. நெருப்புன்னா நெருப்பு மட்டும். அதே பேட்ச்சுல ஹெல்லில் கிட்டத்தட்ட எல்லா அரக்கருக்கும் ஏதாவது ஒரு சக்தி ஏறாதுன்னும் ஆக்கிட்டாங்க. நெருப்பு ஏறாத அரக்கன் எதிர்ல வந்தா நெருப்புக்காரி வேடிக்கைதான் பார்க்கணும். ஒரு கையால ஒரே வழியில தள்ளிவிட்டு, இன்னொரு கையால அந்த வழியை அடைச்ச மாதிரி.

இப்போ நம்ம ஹீரோ வர்றார். பேலடின், கவசம் போட்ட சாமியார். அவர்கிட்ட பிளெஸ்டு ஹேமர்னு ஒரு வித்தை. சுத்தியல் ஒண்ணு அவரைச் சுத்தி வட்டம் போட்டு விரிஞ்சுக்கிட்டே போகும். குறி பார்த்து அடிக்கறது கஷ்டம், எதிரி ஒட்டி நின்னாத்தான் ஒழுங்காப் படும். 1.10ல இதுக்கு ரெண்டு சினர்ஜி குடுத்தாங்க. ஒவ்வொண்ணுலயும் பாயின்ட்டுக்கு 14 சதவீதம். ரெண்டுலயும் 20 போட்டா 560 சதவீதம் கூடுதல்! சோர்சரஸோட ஃப்ரோசன் ஆர்புக்கு ஐஸ் போல்ட் குடுத்தது பாயின்ட்டுக்கு வெறும் 2. கணக்குப் போட்டவருக்கு பேலடின் மாமனா மச்சானா தெரியலை.

சுத்தியலோட டேமேஜ் நெருப்பும் இல்லை, பனியும் இல்லை, மேஜிக். அது ஏறாத அரக்கர்கள் ரொம்பக் கம்மி. ஆக ஹெல்லுல போட்ட முட்டுக்கட்டை எல்லாருக்கும் வலிச்சது, இவருக்கு வலிக்கலை. மிச்சம் இருந்த ஒரே குறை ஒட்டி நிக்கணுமேங்கறது. அதுக்கும் அதே பேட்ச்சுல எனிக்மான்னு ஒரு ரூன்வேர்ட். ஜா, இத், பெர்னு மூணு ரூனை ஒரு கவசத்துல பதிச்சா, சோர்சரஸ் மட்டும் பண்ணிட்டிருந்த டெலிபோர்ட் யாருக்கு வேணா வரும். நேரா எதிரி மடியில குதி, சுத்தியலைச் சுத்து. ஜா, பெர் ரெண்டும் கிடைக்கறது குதிரைக்கொம்பு, அதனால அதுதான் வீரர்களோட தங்கக் கட்டி ஆச்சு.

சினர்ஜி, இம்யூனிட்டி, எனிக்மா மூணும் தனித்தனி நோக்கத்துல வந்ததுதான். மூணும் ஒரே ஆள் தலையில பூமாலையா விழுந்துச்சு.

எனக்கு ஆதங்கம் சுத்தியல் சாமியார் மேல இல்லை, பழைய கேரக்டர்கள் மேல. 1.10 யாரையும் அழிக்கலை, ஆனா கணக்கை மாத்திடுச்சு. பழைய கணக்குப்படி நாலு வித்தைக்குப் பிரிச்சுப் பாயின்ட் போட்டவங்களுக்கு, அதை எடுத்து வேற இடத்துல போட வழி குடுக்கலை. முதல் லெவல்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும். எத்தனை ராத்திரி உழைப்பு அது! பாயின்ட்டைத் திருப்பி எடுக்கற வசதி 1.13ல, 2010 மார்ச்லதான் வந்துச்சு. ஆறரை வருஷம். டேமேஜைக் குறைச்சதை மன்னிக்கலாம், இதை என்னால இன்னிக்கும் மன்னிக்க முடியலை. பிளிசார்ட் நார்த்தையே 2005ல மூடிட்டாங்க, யாரைப் போய்க் கேக்கறது?

2021 செப்டம்பர்ல ஆட்டத்தைப் புதுசா மெருகேத்தி ரிசரக்டட்னு விட்டாங்க. 2022 ஏப்ரல்ல 2.4 பேட்ச். இந்தத் தடவை பெரியவனைக் குட்டாம நோஞ்சான்களுக்குச் சத்துணவு போட்டாங்க. அசாசினோட தற்காப்புக் கலை எல்லாம் அதுலதான் பிழைச்சது. அதே செப்டம்பர்ல 2.5. சண்டர் சார்ம்னு ஆறு தாயத்து, அதைப் பையில வெச்சா அரக்கனோட இம்யூனிட்டி உடையும், பதிலுக்கு உங்க தடுப்பாற்றல் குறையும். இருபது வருஷமா வேடிக்கை பார்த்துட்டிருந்த நெருப்புக்காரிக்கு ஒரு வழி பொறந்துச்சு.

அந்த ஆறுல ஒண்ணு மேஜிக்குக்கு. ஆமா, சுத்தியல் சாமியாருக்கும் ஒரு தாயத்து குடுத்துட்டாங்க!