வாளாட்டம்: பொழுதுபோக்கும் பயிற்சியும்

தமிழ்நாட்டு மரபில் வாளாட்டம் தனிக்கலையாக நிற்பதில்லை. சிலம்பத்தின் ஒரு கிளையாகவே கற்பிக்கப்படுகிறது. ஆசான் முதல் நாளே கையில் வாளைக் கொடுத்துவிட மாட்டார். முதலில் காலடி, அடுத்து கம்பு. அது கைக்கு அடங்கிய பிறகுதான் மான்கொம்பு, வாள், சுருள்வாள். சுருள்வாளுக்கு அவசரப்பட்டால் வெட்டுப்படுவது ஆடுபவரே. கம்பு ஏறத்தாழ ஆடுபவரின் நெற்றி உயரம், அதாவது ஐந்தரை அடி அளவில் இருக்கும்.

பொழுதுபோக்காக ஆடுபவரையும் முறையாகப் பயின்றவரையும் பிரித்தறிய, வீச்சு எதைக் குறிவைக்கிறது என்று பார்த்தால் போதும். குச்சிச் சண்டை போடும் சிறுவர்கள் எதிராளியின் குச்சியையே அடிப்பார்கள். திருவிழாக்களிலும் பொங்கலிலும் காணும் அலங்காரச் சிலம்பத்தில் எதிராளியே இல்லை; வேகமும் அழகும்தான் கணக்கு. போர்ச் சிலம்பத்தில் உடலைத் தொட்டால்தான் புள்ளி. தொட்டதை அறியக் கம்பு நுனியில் பொடி பூசும் வழக்கமும் உண்டு.

திரைப்பட வாட்சண்டை சிறுவர்கள் கட்சி. ‘நாடோடி மன்னன்’ (1958), ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படங்களில் எம்.ஜி.ஆரும் நம்பியாரும் மோதும்போது வாளோடு வாள்தான் பேசும். எம்.ஜி.ஆர் சிலம்பம் அறிந்தவர் என்பதால் காலடி மட்டும் பொய் சொல்லாது. 

ஒலிம்பிக் வாள்வீச்சிலோ குறி உடல்தான். அதில் மூன்று வகை வாள்கள் உள்ளன. அவற்றுள் இரண்டில் குத்து மட்டுமே செல்லும். மூன்றாவதான சேபரில் வெட்டும் செல்லும், மணிக்கட்டுக்குக் கீழுள்ள கையைத் தவிர இடுப்புக்கு மேல் எங்கு பட்டாலும் புள்ளி. மின்கடத்தும் மேலாடை தொடுகையைக் காட்டிக்கொடுக்கும். ஒரு புள்ளி பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும்; திரைப்பட நாயகன் அதற்குள் படிக்கட்டில்கூட ஏறியிருக்க மாட்டான்.

சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2004இல் பள்ளியில் வாள்வீச்சில் சேர்ந்ததற்குக் காரணம், மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பியிருந்ததே. தொடக்கத்தில் அவர் பயின்றதும் மூங்கில் குச்சியில்தான். பின்னர் தலச்சேரியிலும் இத்தாலியிலும் பயின்று, ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியரானார். 2021இல் டோக்கியோவில் முதல் சுற்றை 15–3 என வென்று, அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7–15 எனத் தோற்றார். 2023இல் ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப் தொடரில் வெண்கலம் வென்றார். இத்தொடரில் இந்தியாவின் முதல் பதக்கம் அது.