பலூனுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே: காதங்கி ஆய்வகம் வளர்ந்த வரலாறு

வானிலை பலூன் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துவிடும். செயற்கைக்கோள் 200 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் காற்றின் உராய்வில் நெடுநாள் நிலைக்காது. இரண்டுக்கும் நடுவில் உள்ள காற்றைத் தொட்டு அளக்க ராக்கெட் ஒன்றே வழியாக இருந்தது. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் சோடிய ஆவியைத் தூவி, அது மேலே எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டியது. பின்னர் 1970-களில் சோவியத் நாட்டு எம்-100 ராக்கெட்டுகள் வாரந்தோறும் அங்கிருந்து ஏவப்பட்டன. ஆனாலும் ஒரு ராக்கெட் தருவது சில நிமிடங்களின் செய்திதான். வளிமண்டலத்தில் ஓர் அலை எழுந்து தணிய மணிக்கணக்கில் ஆகும். சில அலைகளுக்கு நாள்கணக்கிலும் ஆகும். அவற்றைப் படிக்க, இமைக்காமல் மேலே பார்த்திருக்கும் கருவி வேண்டும். காதங்கி ஆய்வகம் பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான்.

1982 முதல் 1989 வரை நடந்த இந்திய நடு வளிமண்டலத் திட்டத்தில், இடையடுக்கு (மீசோஸ்பியர்), மீள் அடுக்கு (ஸ்ட்ராட்டோஸ்பியர்), கீழடுக்கு (ட்ரோபோஸ்பியர்) மூன்றையும் பார்க்கும் எம்.எஸ்.டி. ரேடார் ஒன்றை நாட்டிலேயே கட்டுவது என்று முடிவானது. செலவை மத்திய அரசின் பல துறைகள் பகிர்ந்துகொள்ள, விண்வெளித் துறை பொறுப்பேற்றது. இடம் ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே உள்ள காதங்கி. சுற்றிலும் குன்றுகள், நகரத்து வானொலி இரைச்சல் குறைவு. நுண்ணலை மின்னணு ஆய்வு நிறுவனமான சமீரின் பொறியாளர்கள் வடிவமைத்த அந்த ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், 2.5 மெகாவாட் உச்சத் திறனில் இயங்கியது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் திடலில் 1024 யாகி ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக நின்றன. 1990-களின் தொடக்கத்தில் கட்டம் கட்டமாக அது முழு வலிமைக்கு வந்தது. இவ்வளவு பெரிய ரேடாரை உள்நாட்டு உழைப்பில் எழுப்பியது, நம் வளிமண்டல அறிவியலின் பெருமிதமான அத்தியாயம்.

ஆனால் அந்தப் பெரிய ரேடாரின் பார்வையிலும் ஓர் இடைவெளி இருந்தது. தரைக்கு மேல் சில கிலோமீட்டர் தொடங்கி ஏறத்தாழ 25, 30 கிலோமீட்டர் வரை, காற்றின் கொந்தளிப்பு ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். அதற்கு மேல் எதிரொலி அற்றுப்போய், 60 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகே மறுபடி கிடைக்கும். அதுவும் பகலில் மட்டும். சூரிய ஒளி அங்கே எலெக்ட்ரான்களைப் பிரித்து வைத்தால்தான் எதிரொலி உண்டு. நடுவே உள்ள 30 கிலோமீட்டர் ரேடாருக்குத் தெரியாது.

ஜப்பானின் தகவல்தொடர்பு ஆய்வுக்கூடத்துடன் கைகோத்து 1998-இல் நிறுவிய ரேலே லைடார் இந்த இடைவெளியை நிரப்பியது. காதங்கியின் வரலாற்றில் நான் மிக முக்கியமாக நினைக்கும் ஆண்டு அதுதான். 532 நானோமீட்டர் பச்சை லேசர் ஒளி செங்குத்தாக மேலே போகிறது. காற்று மூலக்கூறுகள் சிதறடித்துத் திரும்பும் ஒளித்துகள்களைத் தொலைநோக்கி எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையிலிருந்து ஒவ்வோர் உயரத்திலும் காற்று எவ்வளவு அடர்த்தி என்று தெரியும். ஓர் உயரத்துக் காற்று தனக்கு மேலுள்ள காற்றின் எடையைத் தாங்கி நிற்கிறது. ஆகவே அடர்த்தியிலிருந்து அழுத்தத்தையும், அழுத்தத்திலிருந்து வெப்பநிலையையும் கணக்கிடலாம். உச்சியில் மட்டும் ஒரு மதிப்பை வளிமண்டல மாதிரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே இறங்க இறங்க அந்த அனுமானத்தின் பிழை கரைந்துவிடும். இப்படி 30 முதல் 80 கிலோமீட்டர் வரை இரவு வெப்பநிலை கைக்கு வந்தது. காற்றின் ஓட்டமும் வெப்பமும் ஒரே வளாகத்தில் பதிவாகத் தொடங்கின.

இது ஏன் பெரிது என்றால், அலைகள் இரண்டிலும் தடம் பதிப்பவை. மலையில் மோதிய காற்றும், இடிமேகத்துக்குள் பொங்கி எழும் காற்றும் வளிமண்டல ஈர்ப்பு அலைகளை எழுப்புகின்றன. மேலே தள்ளப்பட்ட காற்றைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது; அது சமநிலையைத் தாண்டி இறங்கி மீண்டும் எழுகிறது. அந்த ஊசலாட்டம் மேல்நோக்கிப் பரவும்போது காற்று மெலிந்துகொண்டே போவதால், சாட்டையின் அடியில் கொடுத்த சிறு அசைவு நுனியில் பெரிதாவதுபோல அலையும் பெரிதாகும். 30 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்குப் போகும்போது அடர்த்தி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குகிறது. அலை வழியில் சிதையாவிட்டால் வீச்சு 30 மடங்கு கூடும். பெரும்பாலான அலைகள் அவ்வளவு தாங்காமல் இடையடுக்கில் உடைந்து, சுமந்துவந்த உந்தத்தை அங்கே இறக்கிவிடுகின்றன. அந்த உந்தமே கோடைத் துருவத்திலிருந்து குளிர்காலத் துருவத்துக்குக் காற்றை நகர்த்துகிறது. கோடைத் துருவத்தின் மேலே, 24 மணி நேரமும் வெயில் இருந்தும், பூமியின் வளிமண்டலத்திலேயே மிகக் குளிர்ந்த இடம் உருவாவது இதனால்தான்.

காதங்கியின் இரவுப் பதிவுகளில் அலைகளின் பல முகங்கள் தெரிந்தன. 70-80 கிலோமீட்டர் பகுதியில், உயரே போகப் போகக் குறைய வேண்டிய வெப்பநிலை திடீரென ஏறும் தலைகீழ் அடுக்குகள் மீண்டும் மீண்டும் தென்பட்டன. அலை உடைவது அவற்றின் காரணங்களில் ஒன்று. வடதுருவக் குளிர்காலத்தில் மீள் அடுக்கு சில நாட்களில் பல பத்து டிகிரி சூடாகும் நிகழ்வின் சாயல் 13.5 டிகிரி வட அட்சத்தில் உள்ள காதங்கி வரை எட்டுவதையும் லைடார் காட்டியது. தென்மேற்குப் பருவமழையில் மேகம் மூடி லைடார் நின்றுபோவது பெரிய இழப்பு; இடிமேகங்கள் மிகுதியாக அலையை எழுப்பும் காலம் அதுவே. 2001 இறுதியில் ஏவப்பட்ட, நாசாவின் டைம்ட் செயற்கைக்கோளின் வெப்பநிலைப் பதிவுகள் அதை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

இதே ஆய்வின் இன்னொரு துணை திருநெல்வேலியில் இருக்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் கிருஷ்ணாபுரம் ஆய்வுக்கூடத்தில் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் 1992-இல் இயங்கத் தொடங்கி, இடையடுக்கின் மேற்பகுதியில் வீசும் காற்றை அளந்தது. காதங்கியின் அலை மேலே போய் என்னாகிறது என்று கேட்பவருக்கு இந்தப் பதிவு இன்றியமையாதது.

காதங்கியில் இவற்றை இயக்கிவந்த தேசிய எம்.எஸ்.டி. ரேடார் மையம் 2005-இல் தேசிய வளிமண்டல ஆய்வகம் என்று பெயர் மாறியது. பழைய ரேடாரும் 1024 ஆன்டெனாக்களுக்கும் தனித்தனி அனுப்பு-ஏற்புக் கூறுகள் கொண்ட புதிய அமைப்பாக மாறியிருக்கிறது. இந்தக் கருவிகளுக்கு நெடுங்கால வேலை ஒன்றும் உண்டு. கரியமில வாயு கூடக் கூட தரை சூடாகிறது, நடு வளிமண்டலமோ குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சி ஆண்டுக்காண்டு மிகச் சிறியது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சிக்குள் அது மறைந்துகொள்ளும். பிரித்தெடுக்கப் பல பத்தாண்டுகளின் அறுபடாத பதிவு வேண்டும். ஆகவே லேசரையோ தொலைநோக்கியையோ மாற்றும் ஒவ்வொரு முறையும், பழையதையும் புதியதையும் சில மாதங்களாவது ஒரே இரவுகளில் சேர்த்து இயக்கி ஒப்பிட வேண்டும். 1998 முதல் சேர்ந்த ஒளித்துகள் எண்ணிக்கைகளைக் கணக்கிட்ட வெப்பநிலையாக மட்டுமன்றி, மூல வடிவிலேயே காத்து, எந்தப் பல்கலைக்கழக மாணவரும் எடுத்துப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.