மண்ணியலுக்கு ஒரு பீடம்: பேராசிரியர் டொக்குச்சாயெவ்

மண்ணை ஆராய்ந்தோர் முன்னரும் பலர் இருந்தனர். மண்ணியல் தனித்ததோர் அறிவுத்துறை என வாதாடி நிலைநாட்டியவர் ருஷ்யப் பேராசிரியர் வசீலி டொக்குச்சாயெவ் ஆவார். ஆயினும், அத்துறையின் பெயரால் அமைந்த பீடத்தில் அவர் ஒருநாளும் அமர்ந்தாரில்லை.

1846இல் ஸ்மொலென்ஸ்க் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் கிறிஸ்தவக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சமயப் பள்ளியில் பயின்று, பீட்டர்ஸ்பர்க் நகரின் சமயக் கல்லூரிவரை சென்றவர், சில வாரங்களிலேயே அதை விடுத்துப் பல்கலைக்கழகம் புகுந்தார். 1871இல் பட்டம் பெற்றுப் பாறைகளையும் ஆற்றுப்படுகைகளையும் ஆராய்பவராகத் தம் பணியைத் தொடங்கினார்.

அவரை மண்ணின்பால் திருப்பியது வறட்சி. 1873லும் 1875லும் ருஷ்யாவின் நெற்களஞ்சியம் எனத்தக்க (அங்கே களஞ்சியத்தில் இருப்பது கோதுமையே) கருமண் வெளிகளில் விளைச்சல் பொய்த்தது. காரணம் காண முனைந்த பொருளாதாரக் கழகம் ஒன்று அவரை அனுப்பிற்று. 1877, 1878ஆம் ஆண்டுகளில் அவர் கடந்த தூரம் ஏறத்தாழ 10,000 வெர்ஸ்ட். ஒரு வெர்ஸ்ட் என்பது மைலில் மூன்றில் இரண்டு பங்கு.

அந்தக் கருமண் எங்ஙனம் உண்டாயிற்று? கடல் விட்டுச் சென்ற சேறு என்றனர் சிலர். சதுப்பு நிலம் வற்றியது என்றனர் வேறு சிலர். டொக்குச்சாயெவ் சென்ற இடமெல்லாம் குழி தோண்டிப் பார்த்தார். ரப்பர்க் கன்று நடக் குழி வெட்டுவோர் மேல்மண்ணை ஒருபுறமும் அடிமண்ணை மறுபுறமும் கொட்டுவதை நம் தோட்டங்களில் கண்டிருப்பீர்கள். அந்த வேறுபாட்டையே அவர் ஒரு நூலைப் படிப்பதுபோல் படித்தார். மேலே மக்கு நிறைந்த கரிய அடுக்கு. கீழே நிறம் மாறிச் செல்லும் அடுக்கு. அதற்கும் கீழே மூலப்பொருள். புல்லின் வேர்கள் தலைமுறை தலைமுறையாக மடிந்து மக்கியதால் விளைந்ததே கருமண் எனத் தெளிந்தார். அவருக்கு முன்பே ரூப்ரெஹ்ட் என்னும் தாவர நூலார் இவ்வாறு கூறியிருந்தார்.

1883இல் வெளிவந்த ‘ருஷ்யக் கருமண்’ என்னும் ஆய்வு நூல் அதனினும் ஒருபடி மேலே சென்றது. தட்பவெப்பம், உயிரினம், மூலப்பாறை, நில அமைப்பு, காலம் ஆகிய ஐந்தும் கூடிப் படைக்கும் தனிப்பொருளே மண் என்றது அது. மண்ணைப் பயிரின் உணவுக் கிடங்கு என வேதியலாரும், பாறைத்தூள் என நிலநூலாரும் கருதிய காலம் அது. ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: இக்கருமண்ணைக் ‘கரிசல்’ என மொழிபெயர்த்தல் பொருந்தாது. கரிசலின் கருமைக்கு மக்கின் மிகுதி காரணமன்று.

அடுத்து, நீஷ்னி நோவ்கொரொட் மாகாணத்தில் நிலவரி விதிக்க மண்ணை மதிப்பிடும் பணி 1882இல் வந்தது. அதனை அவர் பயிற்சிக் கூடமாக்கிக்கொண்டார். இளம் மாணவர்களை உடனழைத்துச் சென்றார். அறிக்கை 14 தொகுதிகளாக விரிந்தது. சிபிர்த்செவ், வெர்நாட்ஸ்கி முதலியோர் அவரிடம் பயின்றவர்களே. அவருடைய நூல்களினும் இம்மாணவர் அணியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1891இல் கொடும்பஞ்சம் வந்தது. மறு ஆண்டே புல்வெளிகளின் அன்றைய நிலையையும் முன்னைய நிலையையும் ஒப்பிட்டு நூலெழுதி, அதன் வருவாயைப் பஞ்சத்தால் வாடியோர்க்கு அளித்தார். காடழிந்தமையும் புல்வெளி முழுதும் உழப்பட்டமையும் நிலத்தின் நீரை வற்றச் செய்தன என்பது அவர் முடிவு. வொரோனெஷ் மாகாணத்துக் கமென்னயா புல்வெளியில் மர வரிசைகள் நட்டும் குளங்கள் அமைத்தும் அதைச் சோதித்தார். அம்மர வரிசைகள் இன்றும் நிற்கின்றன.

பல்கலைக்கழகங்களில் மண்ணியல் பீடங்களும், அரசின் மண்ணாய்வு நிலையமும் வேண்டுமென அவர் ஓயாது கேட்டார், பெரிதும் பயனில்லை. இன்று போலந்திலுள்ள நோவோ அலெக்சாந்திரியா வேளாண்மைக் கல்லூரியை 1892 முதல் 1895 வரை தலைமையேற்று நடத்தியபோது, 1894இல் அங்கே ஒரு பீடத்தை நிறுவினார். அதில் தம் மாணவர் சிபிர்த்செவை அமர்த்தினார். தாம் கனிமவியல் பேராசிரியராகவே இருந்துவிட்டார். 1897இல் மனைவியார் மறைந்தார். அவ்வாண்டே நோய் காரணமாகப் பணியும் துறந்தார். 1900இல் சிபிர்த்செவும் இளவயதிலேயே மாண்டார். 1903இல் டொக்குச்சாயெவ் காலமானார். அவர் கேட்ட மண்ணாய்வு நிலையம் 1927இல் லெனின்கிராட் நகரில் அவர் பெயராலேயே அமைந்தது. பின்னர் மாஸ்கோவுக்கு மாறியது.