திகிற் படங்களும் சமூக அச்சமும்

திகிற் படங்களை மலினமான பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் ஆய்வாளர் பலரின் வழக்கம். ஆயின் அச்சத்திற்கும் வரலாறு உண்டு. அதனை அறிய விழைவோர் பின்வரும் நான்கு படங்களையும் கால வரிசையிற் பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

1896இல் பிரான்சின் ஜோர்ஜ் மெலியே ஆக்கிய 'சாத்தானின் மாளிகை' ஏறத்தாழ மூன்று நிமிட மௌனப் படம். சிலுவையைக் கண்டதும் அதிற் சாத்தான் மறைந்துவிடுகின்றான். முதலாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜேர்மனியில் 1920இல் வெளிவந்த றொபேட் வீனவின் 'டாக்டர் கலிகாரியின் பெட்டி' அத்தகைய ஆறுதலை அளிக்கவில்லை. கொலைக்கு ஏவுபவன் மனநோய் மருத்துவமனையின் தலைவனே. ஆனால், கதை சொல்பவன் அங்குள்ள நோயாளி என முடிவிற் காட்டப்படுகின்றது. இதனால் அதிகார எதிர்ப்பு அதிகாரப் பணிவாக மாற்றப்பட்டது என 1947இல் சீக்பிரீட் கிரகவர் வாதிட்டார். ஹிட்லரின் எழுச்சியைப் பொருளாதார நெருக்கடியினின்று பிரித்து, தேசிய உளவியலாக மட்டும் விளக்குதல் போதாது. எனினும் அவர் எழுப்பிய வினா பெறுமதியுடையது.

1968இல் வெளிவந்த ஜோர்ஜ் றொமேரோவின் 'உயிருள்ள பிணங்களின் இரவு' படத்தில், பிணங்களிடமிருந்து தப்பிய கறுப்பின நாயகன் விடிந்ததும் ஆயுதந் தாங்கிய வெள்ளையரால் பிணமெனக் கருதப்பட்டுச் சுடப்படுகின்றான். நிறங் கருதி நடிகரைத் தேர்ந்திலர் என நெறியாளர் கூறியுள்ளார். ஆயினும் மாட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில் அம்முடிவு பெற்ற பொருள் அவரது நோக்கத்துள் அடங்குவதன்று. 2017இல் ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' அப்பொருளைத் திட்டமிட்டே கையாண்டது. இங்கு ஆபத்து, இனவாதத்தை மறுத்துப் பேசும் வெள்ளையர் இல்லத்தில் உறைகின்றது.

இவற்றை ஒருங்கே நோக்கின், அச்சம் மாயவுலகிலிருந்து சமூக உறவுகளுக்குள் இடம்பெயர்ந்தமை புலனாகும். அவ்வுறவுகளை ஆராய்வோர் இப்படங்களைப் புறக்கணித்தல் தகாது.