கேரியரைப் பிடித்த கை

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதனுடன் பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். சிலர் கேலி பேசினர். ஆயினும், கற்றுக்கொண்ட பெண்களே மற்றவர்களுக்குக் கற்பித்தனர்.

சைக்கிள் பழகத் துணை எதற்கு? வண்டி சாயும் பக்கமே முன்சக்கரத்தைத் திருப்பினால், சக்கரங்கள் புவியீர்ப்பு மையத்தின் நேர்கீழே வந்துவிடும், விழமாட்டோம். வேகம் குறைவாயிருக்கும்போது இது கடினம். ஆகவே, வேகம் பிடிக்கும்வரை துணைவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார். ஆனால் பிடியை விடாமலே இருந்தால், பழகுபவர் சாய்வை உணரவே முடியாது. தக்க நேரத்தில் கையை எடுப்பவரே நல்ல துணை.

1992இல் மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் சென்றனர். தண்ணீர் கொண்டுவரவும் சந்தைக்குப் போகவும் பஸ்ஸையோ வீட்டு ஆண்களையோ எதிர்பார்த்து நிற்கும் நிலை அவர்களுக்கு மாறியது.